கண்ணி கண்ணியாகப் போலி

பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்திலும் முல்லைப்பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்திலும் உள்ளன. இரண்டையும் இயக்குவது தமிழ்நாடு. முல்லைப்பெரியாற்றில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. பரம்பிக்குளத்தில் 2022 செப்டம்பரில் மதகுக் கதவு ஒன்று உடைந்து, வெள்ளம் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. எல்லையின் இருபுறமும் நீர்மட்டம் அன்றாடச் செய்தி.

குமுளிப் பக்கத்து ஆய்வு மாணவர் ஒருவர், நீர்மட்டம் 140 அடியைத் தொட்டால் எச்சரிக்கும் நிரலை ஜாங்கோவில் எழுதுகிறார் என்று கொள்ளலாம். அவருக்கு வேண்டியது கடைசி அளவீடு. ஃபில்டர் அணையைத் தெரிவு செய்கிறது. எக்ஸ்க்ளூட் வெற்றுப் பதிவுகளை விலக்குகிறது. ஆர்டர்பை நேரத்தை இறங்குவரிசையில் அடுக்குகிறது. ஃபர்ஸ்ட் முதற்பதிவை எடுக்கிறது.

அலகுச் சோதனைக்குத் தரவுத்தளம் எதற்கு என்று, பைத்தானின் மேஜிக்மாக்கைக் கொண்டு கண்ணிக்கொரு போலி கோத்து, கடைசிப் போலி 141.5 அடி என விடை தருமாறு அமைக்கிறார். சோதனை வெல்கிறது. பின்னொரு நாள் ஆர்டர்பையில் இறங்குவரிசையைக் காட்டும் கழித்தல் குறி விடுபடுகிறது. நிரல் இனி மிகப் பழைய பதிவையே எடுக்கும். அது கோடைக்காலத்து 112 அடியாக இருந்தால், அணை நிறைந்தாலும் வாய் திறவாது. சோதனை அப்போதும் வெல்லும். இத்தகைய போலி எந்த உள்ளீட்டையும் மறுப்பதில்லை. மாறாக, எக்ஸ்க்ளூட்டின் நிபந்தனையை ஃபில்டருக்குள்ளேயே சேர்த்து எழுதினால் விடை மாறாது. சோதனை மட்டும் தோற்கும். சரியான திருத்தத்தில் தோற்றுப் பிழையில் வெல்லும் சோதனை, ஆற்றோரம் வண்டிப்பெரியாற்றில் உறங்குபவர்க்கு என்ன காவல்?

ஜாவாவின் மாக்கிட்டோ நூலகம் இவ்வகை அடுக்குப் போலிக்கு வசதியும் செய்து தந்து, போலி போலியைத் தரும்போதெல்லாம் ஒரு தேவதை மடிகிறாள் என்று தன் ஆவணத்திலேயே கேலியும் செய்கிறது. தமக்குச் சொந்தமான வகைகளையே போலியாக்க வேண்டும் என ஸ்டீவ் ஃப்ரீமன் முதலிய நால்வர் 2004-இல் எழுதினர். கியூரிசெட் ஜாங்கோவுக்குச் சொந்தம், மாணவருக்கு அல்ல.

முழுச் சங்கிலியையும் ‘கடைசி அளவீடு’ என்ற ஒரே செயற்கூற்றில் அடக்கலாம். எச்சரிக்கைப் பகுதியைச் சோதிக்கையில் அதை மட்டும் போலியாக்கினால் போதும். வினவலை மெய்யான தரவுத்தளத்தில்தான் சோதிக்க வேண்டும்: இரண்டு அணைகள், நேரம் முறைமாறிய சில பதிவுகள், ஒன்றில் வெற்று அளவீடு. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் பதிவுகளைத் தானே நீக்கிவிடும். பயன்பாட்டில் போஸ்ட்கிரெஸ் இருந்தால் சோதனையிலும் அதுவே இருக்கட்டும். இறங்குவரிசையில் வெற்று மதிப்பைப் போஸ்ட்கிரெஸ் முதலிலும் எஸ்கியூலைட் கடைசியிலும் வைக்கும்; ஆண்டின் உச்ச நீர்மட்டம் கேட்டால் ஒன்று எண்ணைத் தரும், மற்றது வெற்றிடத்தைத் தரும்.