கூப்பிட்டால் வராத நாய்

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதே நாய்க்கு இலக்கணம் என்று நாம் கருதுகிறோம். கூப்பிட்டால் வராத நாய் ஒன்றோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அதற்கு நான் கற்பித்தது சிறிது; அது எனக்குக் கற்பித்தது பெரிது.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிடாம் கிரியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் வீட்டிற்குத் தொழிலாளி ஒருவர் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உடல் முழுதும் பால் வெள்ளை. மூக்கு இளஞ்சிவப்பு. ஒரு கண் பழுப்பு. மற்றொன்று, மழை ஓய்ந்தபின் ஜெராய் மலைக்கு மேலே தெரியும் வானத்தின் நீலம். அவ்வழகில் மயங்கி 'முத்து' என்று பெயரிட்டேன். அந்த அழகே குறையின் அடையாளம் என்பதை அன்று நான் அறியேன்.

மூன்று மாதமாகியும் முத்து தன் பெயரை அறியவில்லை. "முத்து!" என்று கூவினால், எனக்கு முதுகைக் காட்டியபடி எறும்புச் சாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். திமிர் என்று எண்ணினேன். ஒருநாள் மாலை, செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே நெருங்க, அது நடுச்சாலையில் அசையாமல் அமர்ந்திருந்தது. ஓட்டுநர் நிறுத்தியதால் பிழைத்தது. அச்சமும் சினமும் மிகுந்து, பிரம்பை எடுத்து நான்கு அடி கொடுத்தேன். ஏன் அடிக்கிறான் என்பது விளங்காமல் அது என்னை நிமிர்ந்து பார்த்தது.

என் மனைவி சமையலறையிலிருந்து ஒரு சட்டி மூடியையும் கரண்டியையும் எடுத்துவந்தாள். முத்துவின் பின்னால் நின்று ஓங்கித் தட்டினாள். தெருவிலுள்ள நாய்களெல்லாம் குரைத்தன. முத்து திரும்பவில்லை.

"அதுக்குக் காது கேக்கலைங்க. நீங்க அடிச்சது வீண்" என்றாள்.

சுங்கைப் பட்டாணியில் இருந்த கால்நடை மருத்துவர் அதை உறுதிப்படுத்தினார், காரணத்தையும் விளக்கினார். நாய்க்குட்டி காது மூடியே பிறக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் காது திறக்கும். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதற்கு ஊட்டம் தரும் மெல்லிய திசு நன்கு இயங்க, நிறமி உயிரணுக்கள் அங்கே இருத்தல் வேண்டும். மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் தருவனவும் அதே வகை உயிரணுக்களே. உடலை வெண்மையாக்கும் சில மரபணுக்களால் அவை உட்செவியைச் சென்றடையாமல் போவதுண்டு. அப்போது, பிறந்த சில வாரங்களிலேயே அத்திசு நலிந்து, ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்களும் மடிந்துவிடும். பிறகு அவை மீள்வதில்லை. மருந்தும் இல்லை.

இது முத்துவுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. வெள்ளை மயிரும் நீலக் கண்ணும் உடைய பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பதைச் சார்லஸ் டார்வின் தம் நூலிலேயே குறித்தார். புள்ளிகளால் புகழ்பெற்ற டால்மேசன் நாய்களிடத்தும் இக்குறை மிகுதி. தமிழகத்தின் பெருமையாக, 2005இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற இராசபாளையம் நாயின் கதையும் இதுவே. பால் வெண்மையே சிறப்பு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததன் விலையாக, அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகளும் பிறக்கின்றன. நாம் விரும்பிய நிறத்திற்கு அவை தம் செவியை விலையாகக் கொடுக்கின்றன.

"ஊசி போட்டு முடிச்சிடுங்க சார். வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றார் அண்டை வீட்டார். அவர் கொடியவர் அல்லர். மேனாட்டு டால்மேசன் வளர்ப்போரும் நெடுங்காலம் அதையே முறையாகக் கொண்டிருந்தனர். ஆனால் என் கைப்பிரம்பின் தடம் அதன் முதுகில் மறையுமுன் அம்முடிவை எடுக்க என் மனம் இடம் தரவில்லை.

நாங்கள் புதுமொழி ஒன்று கற்றோம். கையை உயர்த்தினால் உட்கார வேண்டும். இரு கையும் விரித்தால் வர வேண்டும். கட்டைவிரலைக் காட்டினால் 'நன்று' என்று பொருள். இருட்டியபின் கைவிளக்கை மும்முறை மின்னச் செய்தால் வீடு திரும்ப வேண்டும். உறங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். ஆகவே மூக்கருகே கையை வைத்து, மணத்தால் எழுப்பினோம். ஆறு மாதத்தில் முத்து அனைத்தையும் அறிந்துகொண்டது. தீபாவளி இரவில் தெரு நாய்களெல்லாம் வெடிக்கு அஞ்சிக் கட்டிலடியில் ஒடுங்க, எங்கள் முத்து மட்டும் வாசலில் கால் நீட்டி உறங்கும்.

2015ஆம் ஆண்டில், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தடுப்பூசிகள் போடப்பட்டன, திரியும் நாய்கள் பல கொல்லப்பட்டன. முத்துவுக்கு ஊசி போட்டு, கழுத்துப்பட்டை அணிவித்து, வேலிக்குள் வைத்தோம். ஓர் இரவு படலை சரியாகச் சாத்தாததால் அது வெளியேறிவிட்டது. ஆளரவம் கேட்டு ஒளிய அதற்குச் செவி இல்லை, அழைத்தும் பயனில்லை. செம்பனை வரிசைகளுக்கிடையே விளக்கை மும்முறை மின்னச் செய்தபடி நடந்தேன். ஒரு மணி நேரம் சென்றிருக்கும். தொலைவில் இரண்டு ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒன்று பச்சை, மற்றொன்று சிவப்பு. நிறமில்லாத நீலக் கண் இரவு விளக்கில் சிவந்து ஒளிரும். இரு கையும் விரித்தேன். பாய்ந்து வந்து என்மேல் விழுந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவில் வந்தவன் முத்து அல்லன்; முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவன். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல், தலையை ஒருபுறம் சாய்த்தே என்னைப் பார்ப்பான். கவனமில்லாதவன் என்று எத்தனையோ முறை அவனை அடித்திருக்கிறேன். ஒரு காது கேளாதவர், நல்ல காதைப் பேசுபவர் பக்கம் அப்படித்தான் திருப்புவர் என்பது, முத்துவுக்காகச் செவியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு அக்குறை இருந்ததா என்பதை நான் அறியேன். ஒரு சட்டி மூடியைத் தட்டிப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லையே!

வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். அதனை மாணவருக்குப் பலமுறை விளக்கியவன் நான். கேட்க இயலாமல் ஒருவன் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை.

முத்து 2024இல் மூப்பால் இறந்தது. வீட்டின் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தோம். இளம் ஆசிரியர்கள் எவரேனும் என்னைக் காண வந்தால் ஒன்றைச் சொல்வேன்: அழைத்தும் ஒரு பிள்ளை திரும்பவில்லையானால், குரலை உயர்த்தாதீர்கள். அருகில் சென்று, அவன் முகத்துக்கு நேரே நின்று பேசிப் பாருங்கள்.