செத்துக்காரர் மகன்

தமிழ்ச் சங்கத்து மலரில் கள்ளுக்கடையைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். பள்ளி நாளில் அந்தப் பத்துக் குறளையும் மேடையில் ஒப்பித்துப் பரிசு பெற்றவன் நான். ஆனால், அந்தப் போட்டிக்குச் சென்று வரப் பேருந்துக் கட்டணம் தந்தது கள். ஆதலால் எழுதுகிறேன்.

என் தந்தையார் பொள்ளாச்சிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் தென்னையில் பாளை சீவியவர். தமிழ்நாட்டில் 1981இல் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி முதல் நாளோடு மூடப்பட்டன. இன்றுவரை திறக்கவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. பொங்கலுக்குள் எங்கள் பாத்திரங்களையும் என்னையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பா மீனாட்சிபுரத்தைத் தாண்டினார். நம்மில் பலர் வேலை தேடி இம்மாநிலத்துக்கு வந்தோம். அப்பாவோ வேலையைத் தம்மோடு கொண்டே வந்தார். மரம் மட்டுந்தான் மாறிற்று.

சிற்றூர் வட்டத்தை அறியாதார்க்குச் சொல்கிறேன். கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வரும். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதிப் பக்கமோ மழைமறைவு நிலம், கரிசல் மண், வரப்புகளில் பனை, தோப்புகளில் தென்னை, வீடுகளில் தமிழ். கேரளத்துக் கள்ளின் பெரும்பங்கு இந்த வட்டத்தில்தான் இறங்குகிறது. விடியற்காலையில் இறக்கிய கள்ளை வண்டிகள் அனுமதிச் சீட்டோடு திருச்சூருக்கும் எர்ணாகுளத்துக்கும் அதற்கப்பாலும் கொண்டு செல்லும். இவ்வூர் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரத்தை அழிப்பவள் என்று பொருள். எழுத்தச்சன் தம் இறுதி நாளில் அதன் கரையில் வாழ்ந்தார் என்பர். பெயர் அவரால் வந்ததா, கரையோரத் தோப்புகளால் வந்ததா என்று அப்பாவின் கூட்டாளிகள் கேலி பேசுவர்.

தொழிலின் நுட்பம் பலர் அறியாதது. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். வேகமாகத் தட்டினால் பாளை கன்றிவிடும். மெத்தனமாகத் தட்டினால் சுரக்காது. பிறகு நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயம் கட்டவேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் வருவது பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி, சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். அதை நிறுத்தி வைக்கவும் முடியாது. மறுநாள் அது காடி.

இத்தொழிலுக்கு மலையாளத்தில் ‘செத்து’ என்று பெயர். நம் ‘செதுக்கு’ என்ற சொல்லுக்கு உறவு. தொழில் செய்பவர் ‘செத்துக்காரன்’. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பும் மலையாள வகுப்பும் அடுத்தடுத்து இருந்தன. ஒரு நாள் மலையாள ஆசிரியர் ஒருவர் என்னைக் காட்டி, ‘செத்துக்காரன்றே மோன்’ என்றார். அவர் சொன்னதில் இழிவில்லை. ஆனால், தமிழ்ப் பிள்ளைகள் காதில் அது வேறாக விழுந்தது. ‘உங்கப்பன் செத்துட்டாராடா?’ என்று அன்று முழுதும் சிரித்தார்கள். வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால், அப்பா மரத்தின் உச்சியில் உயிரோடு இருந்தார். கீழே நின்று அழுதேன். ஏன் அழுதேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பி.ஏ. முடித்து அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதினேன். அப்பாவோ கள்ளுத் தொழிலாளர் நலநிதியில் முறையாகப் பதிவு பெற்றவர். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்நிதியிலிருந்து இன்றும் ஓய்வூதியம் பெறுகிறார். ஆக, ஒரே மனிதருக்கு அரசாங்கக் கோப்புகளில் இரண்டு தொழில்கள். கோப்பு பார்த்தே பிழைப்பவன் நான். இந்த முரண் யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணைத் தவிர.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருக்குப் போயிருந்தேன். உடன் பணியாற்றும் நண்பரின் மகன் அங்கே கணிப்பொறித் துறையில் இருக்கிறான். ‘வாங்க மாமா, இங்கேயே பீர் வடிக்கிற இடம் ஒன்று காட்டுகிறேன்’ என்று அழைத்துச் சென்றான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னே ஆளுயரக் கொப்பரைகள் பளபளத்தன. தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தென்னிந்திய வடிசாலைகள் சிலவற்றை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் கண்டதிலிருந்து அந்நகரத்தின் பீர்ப் பெருமையை அவன் ஆர்வத்தோடு விளக்கினான். வாற்கோதுமையை முளைகட்டி, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கிப் பின் நொதிக்க வைப்பார்களாம். பெரும்பாணாற்றுப்படையிலும் அரிசிக் கூழில் முளையை அரைத்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து மது வடிப்பது வருகிறதே என்று எண்ணிக்கொண்டேன். ‘உங்க ஊர்ப்பக்கம் இப்படி ஏதாவது உண்டா மாமா?’ என்றான். ‘தென்னை நிறைய உண்டு’ என்றேன். இதுவும் ஒரு படிவத்தை நிரப்பிய மாதிரிதான்.

கள்ளுக்குப் பரிந்து பேசுவதாக எண்ணவேண்டா. பெரியார் 1921இல் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். நாராயண குரு, மதுவைக் காய்ச்சவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டா என்றார். குடித்துக் குடும்பத்தை அழித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால், கள்ளை மூடிய அரசே 2003 முதல் சீசாச் சாராயத்தைத் தன் கடையில் தானே விற்கும் நியாயம் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை.

இடையில் மூன்றாண்டுகள் இடுக்கி மாவட்டத்தில் நெடுங்கண்டம் பக்கம் எனக்கு வேலை. ஏலத்தோட்ட வேலைக்குப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம்மவர்கள் ஜீப்புகளில் வந்து போகும் இடம். அங்கே கூந்தற்பனையில் கள் இறக்குவர். என்னைப் பார்க்க வந்த அப்பா வீட்டுக்குள் வருமுன் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார். மூங்கிலைச் சார்த்திக் கட்டி ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். ‘நல்லா ஏறுறாருங் கண்ணு’ என்றார் அப்பா. நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தேன்.

கடந்த மாசியில் அப்பாவுக்கு எழுபத்திரண்டு முடிந்தது. முழங்கால் மடங்குவதில்லை. ‘பழைய தோப்ப ஒருக்காப் பாக்கோணும்’ என்றார். அழைத்துச் சென்றேன். பாதி மரங்கள் வேரழுகிப் போயிருந்தன. மீதியில் ஏற இருவர்தாம் இருந்தனர். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். பிள்ளைகள் யாரும் இத்தொழிலுக்கு வரவில்லை என்றனர். அதைச் சொல்லிவிட்டு என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தனர்.

திரும்பும் வழியில் வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்து எழுதிய கடை. ‘அப்பா, உள்ள போலாங்களா?’ என்று நான்தான் கேட்டேன். என் நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகக் கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் வந்தன. அரைக் குவளை குடித்தேன். புளித்தது, பிடித்தது என்று சொல்ல இயலாது. அக்கம்பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வந்தவர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தனர்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘சார் எவிடெயா?’ என்றார். பாலக்காட்டில் அஞ்சல் துறை என்றேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார். அப்பா குனிந்து குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எத்தனையோ இடங்களில் கேட்டவராயிற்றே.

‘இது என் அப்பா. செத்துக்காரர். இந்தத் தோப்பில் இருபத்தாறு வருடம்’ என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குவளையை எடுத்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு கடைக்காரரிடம், ‘காலையில எறக்குனதுதானுங்க. ஆனாக் கலயம் நேத்துக் கழுவுல’ என்றார்.