மடி பெருத்த மாடும் பொள்ளாச்சிச் சந்தையும்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. முதல் நாள் சாயங்காலமே லாரிகள் வரத் தொடங்கிவிடும். ஆந்திரா, கர்நாடகா பக்கத்து மாடுகளும் உள்ளூர்க் கறவைகளும் ஒரே மண்ணில் நிற்கும். விடிவதற்குள் கேரள வியாபாரிகள் வந்து சேர்வார்கள். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, வாலைத் தூக்கிப் பார்ப்பது என்று பொழுது விடிகிறது.

கறவை மாடுகள் கட்டிய வரிசையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். மடி கல்லாக இறுகி, காம்புகள் விறைத்து நிற்கும். பின்னங்காலை அகட்டி வைத்து, படுக்கவும் முடியாமல் மாடு கால் மாற்றிக்கொண்டே இருக்கும். சில காம்புகளில் பால் தானாகச் சொட்டும். நாலு முழம் தள்ளி, வாய்க்கூடு போட்ட கன்று கத்திக்கொண்டிருக்கும். 'மடியைப் பாருங்க, மடியைப் பாருங்க' என்பதுதான் அந்த வரிசை முழுக்கக் கேட்கும் பேச்சு.

அது அத்தனையும் மாட்டின் பால் வளம் அல்ல. நேற்றுக் காலையோடு கறப்பதை நிறுத்தியிருப்பார்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கறந்து பழகிய மடி, ஒரு நாள் முழுக்கப் பால் கட்டி நின்றால் வலி பொறுக்காது. காம்புத் துவாரம் விரிந்து பால் ஒழுகும். அதே வழியாகச் சாணிக் கிருமி உள்ளே போகும். வாங்கிப்போன நாலாம் நாள் மடிநோய் வந்து, 'சந்தை மாடே இப்படித்தான்' என்று புலம்புகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி ஜெர்சி கலப்பு மாடு ஒன்றின் முன்னால் நின்றார்கள். அந்த அம்மா குனிந்து மடியில் புறங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, எப்பக் கறந்தீங்க?"

"காத்தாலதானுங்க அம்மிணி."

"காத்தால கறந்த மடி இப்படியா இருக்கும்? கறந்து காட்டுங்க, அப்புறம் விலை பேசலாம்."

தரகர் சிரித்து மழுப்பினார். மாட்டுக்காரர்தான் உண்மையைச் சொன்னார்: "நேத்துக் காத்தால கறந்ததுங்க. மடி சுருங்கி நின்னா எவனுங்க கிட்ட வர்றான்?"

அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கறந்த மாட்டுக்கு விலையைக் குறைத்துக் கேட்பவர்கள் வாங்க வருகிறவர்கள்தானே. நல்ல கறவையின் மடி, கறந்த பிறகு காலிப் பை மாதிரி மடிந்து தொங்க வேண்டும். கறந்தும் குறையாத மடியில் சதைதான் இருக்கிறது. கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் மடிநோய் வந்துபோன மாடாக இருக்கலாம். நாலு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி திரியாக வருகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டுக் கட்டுத்தரையில் வாங்குவதாக இருந்தால் ஒரு வேளை ஒட்டக் கறக்கச் சொல்லி அதைக் கணக்கில் விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வேளைப் பாலை அளப்பதே சரி.

மாடு கைமாறிய பிறகும் அதன் பாடு தீர்வதில்லை. 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சாதாரண சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. கூட ஓர் ஆள் போக வேண்டும். வேறு சரக்கு சேர்க்கக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். சாலையில் போகும் லாரிகளைப் பார்க்கிறவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். வாலை முறுக்கி, மூக்கணாங்கயிற்றை இழுத்து ஏற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். சரிவுப் பலகை போட்டு, முன்னால் ஒரு கை தீவனம் காட்டினால் முக்கால்வாசி மாடுகள் தானே ஏறிவிடும்.

ஆனைமலைக்காரர்கள் அந்த மாட்டைத்தான் வாங்கினார்கள். வண்டிக்காரர் அவசரப்படுத்தியும் அந்த அம்மா கேட்கவில்லை. கன்றின் வாய்க்கூட்டை அவிழ்த்து விட்டார். பட்டினி கிடந்த கன்று ஒரேயடியாகக் குடித்தால் கழியும் என்று பாதியில் பிடித்து விலக்கி, மீதியைக் கறந்து எடுத்தார். மாடு காலை உதைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு வாளிக்குத் தலையைத் தூக்கியது. வைக்கோல் பரப்பிய வண்டியில் கன்றை முதலில் ஏற்றினார்கள். மாடு பின்னாலேயே ஏறியது.