கிள்ளினா பெருகும்: எங்க வீட்டுத் தொட்டியில வளர்ந்த ஐப்டேசியா

1/
இன்னைக்கு சுகர், பிபி பத்தி இல்ல. எங்க வீட்டு ஹால்ல இருக்கிற நாலடி உப்புத்தண்ணி மீன் தொட்டி பத்தி. டாக்டருக்கு இது தேவையான்னு கேக்காதீங்க, வீட்ல தினமும் கேக்குறாங்க. கடைசி வரை படிங்க. ஒரு ஞாயித்துக்கிழமை என் அவசர புத்தியால மொத்தக் குடும்பத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன்.

2/
மதுரையில கடல் தொட்டி வெக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. கடல் ரொம்ப தூரம் தள்ளி. போர் தண்ணி ஆகாது. ஆர்.ஓ தண்ணியில உப்பு கலந்து, லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குக் கொண்டு வரணும். வெளியில 40 டிகிரி அடிக்கும்போது உள்ள 26 டிகிரி இருக்கணும். சில்லர் ஓடினாத்தான் பொழப்பு.

3/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம கடல்ல இருந்து கடினப் பவளம் எடுக்கிறதும் வெச்சிருக்கிறதும் குற்றம். 2001ல இருந்து அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில புலி, யானையோட இருக்கு. காய்ஞ்ச பவளக்கல்லும் அப்படித்தான். என் தொட்டியில இருக்கிறது செராமிக் கல், காளான் பவளம், ஸோவான்னு சொல்ற பொத்தான் மாதிரி பாலிப், ரெண்டு கோமாளி மீன். அவ்வளவுதான்.

4/
ஒரு நாள் ஸோவா ஒட்டியிருந்த கல்லுல பழுப்பு நிறத்துல குட்டியா ஒரு பூ. பனைமரம் மாதிரி தண்டு, மேல கண்ணாடி மாதிரி இழைகள். "ஐ, புதுசா பூத்திருக்குப்பா"ன்னு பொண்ணு குதிச்சா. நானும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். அது ஐப்டேசியா. கடல் சாமந்தி வகையில ஒண்ணு. தொட்டிக்காரங்களுக்கு அது நெல்லு வயல்ல கோரை மாதிரி.

5/
ரெண்டு மூணு வாரத்துல அஞ்சு ஆச்சு. பக்கத்துல இருந்த காளான் பவளம் சுருங்க ஆரம்பிச்சுச்சு. ஐப்டேசியாவோட இழையில கொட்டுற செல்கள் இருக்கு, பக்கத்துல யாரையும் வளர விடாது. சரி, சின்ன சர்ஜரிதானேன்னு பழைய ஸ்கால்பெல் பிளேடை எடுத்து சுரண்டினேன். கல்லு சுத்தமாச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கே!

6/
அடுத்த மாசம் எண்ணிப் பாத்தேன். நாப்பதுக்கு மேல.
காரணம் இதுதான். இதோட அடிப்பாதத்துல இருந்து ஒரு துணுக்கு கல்லுல தங்கினாக்கூட அது முழு சாமந்தியா வளந்துடும். நான் வெட்டினது ஆபரேஷன் இல்ல, விதைப்பு. பம்ப் வேற துணுக்குகளைத் தொட்டி முழுக்கத் தூவி விட்டுருச்சு.

7/
இதே கூத்து நம்ம கடல்லயே நடந்திருக்கு. கராஜீனன் எடுக்க மண்டபம் பக்கம் வளர்த்த காப்பாஃபைகஸ்ங்கிற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவுப் பவளத்து மேல படர்ந்திருக்கிறதை 2008ல ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க. வனத்துறை ஆள் விட்டுக் கையால பிடுங்கினாங்க. ஒரு தடவையோட முடியல. உடைஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் மறுபடி வளரும்.

8/
இப்ப அந்த ஞாயித்துக்கிழமை. எனக்குக் கடுப்பு உச்சத்துல. இருக்கிறதுலயே மோசமான கல்லை எடுத்தேன், ஸோவாவும் அதுல ஒட்டியிருக்கு. பழைய அலுமினியக் குண்டான்ல தொட்டித் தண்ணியோட போட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். "கொதிச்சா எல்லாம் செத்துரும்." அம்மா பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு வீசிங் உண்டு.

9/
தண்ணி சூடாகிற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு, எனக்குத் தொட்டி பழக்கிவிட்ட அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கல.
"டாக்டர், மொதல்ல அடுப்பை அணைங்க! ஸோவா இருக்கிற கல்லையா கொதிக்க வெக்கிறீங்க? அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க!"
அணைச்சேன். ஜன்னல் எல்லாம் திறந்தேன். நல்ல வேளை, தண்ணி வெதுவெதுப்பாக்கூட ஆகல.

10/
அப்புறம்தான் படிச்சேன். ஸோவா குடும்பத்துல சிலதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. 1971ல ஹவாய்ல பிரிச்செடுத்தது. கொதிக்க வெச்சாலும் அழியாது, ஆவித் துளியோட கிளம்பி மூச்சுல போகும். நம்ம ஒவ்வொரு செல்லுலயும் இருக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்பைத் திறந்த கதவாக்கிடும். டிஜாக்ஸின் மாத்திரை வேலை செய்யுற அதே பம்ப். இருமல், மூச்சுத்திணறல், குளிர் ஜுரம், வாயில உலோகச் சுவை, தசைவலின்னு வரும். மோசமானா இதயம் வரைக்கும் போகும். மாற்று மருந்து கிடையாது.

11/
அலாஸ்காவுல வீட்டுலயும் மீன் கடையிலயும் ஸோவாவைக் கையாண்டவங்க இப்படிப் பாதிக்கப்பட்டதை அமெரிக்க சிடிசி 2015ல பதிவு பண்ணியிருக்கு. எந்த ஸோவாவுல விஷம் இருக்குன்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எம்.பி.பி.எஸ்ல டிஜாக்ஸின் பக்கம் பக்கமா படிச்சவன் நான். என் வீட்டு ஹால்ல என்ன வளக்குறேன்னு எனக்குத் தெரியல.

12/
அதுக்கப்புறம் சொன்னபடி கேட்டேன். கால்சியம் ஹைட்ராக்ஸைடைத் தண்ணியில குழைச்சு சிரிஞ்சுல எடுத்து, பம்பை நிறுத்திட்டு, சாமந்தியைத் தொடாம அதோட வாயில மெதுவா விடணும். அதே சுண்ணாம்புதான், அம்மா வெத்தலைப் பெட்டியில இருக்கிறது. "இதத்தான்டா நான் அம்பது வருஷமா திங்கிறேன்"னு அம்மா சிரிச்சாங்க. ஒரு நாளைக்கு நாலஞ்சுதான். மொத்தமா விட்டா தண்ணியோட பிஎச் எகிறி மீன் செத்துரும்.

13/
கண்ணாடி போடாம சுண்ணாம்பு சிரிஞ்சைத் தொடாதீங்க. சுண்ணாம்பு காரம். கண்ணுல பட்டா கருவிழியை அரிச்சுக்கிட்டே உள்ள போகும். வெத்தலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி, அது கண்ணுல பீய்ச்சி அடிச்சு வர்ற கேஸ் நம்ம ஊர்ல புதுசில்ல. பட்டா உடனே குழாய்த் தண்ணியில அரை மணி நேரம் கழுவுங்க, அப்புறம் கண் ஆஸ்பத்திரி. மதுரையில அதுக்குப் பஞ்சமில்ல.

14/
அடுத்தது தீனி. காலையில பொண்ணு, ராத்திரி நான், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் போட்டிருக்கோம். மிச்சத்தைத் தின்னு வளர்ந்தது ஐப்டேசியாதான். ஒரு வேளையாக் குறைச்சோம். வாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்தினோம். ரெண்டு பெப்பர்மிண்ட் இறால் விட்டோம். பகல்ல ஒளிஞ்சுக்கும், ராத்திரி வந்து குட்டிச் சாமந்திகளைத் தின்னும்.

15/
மூணு மாசம் ஆச்சு. காளான் பவளம் மறுபடி தட்டு மாதிரி விரிஞ்சிருக்கு. ஐப்டேசியா முழுசாப் போயிருச்சான்னு கேட்டா, இல்ல. பின்பக்கம் ரெண்டு இருக்கு. சுகரை எப்படி "குணமாயிருச்சு"ன்னு சொல்லாம "கட்டுப்பாட்டுல இருக்கு"ன்னு சொல்றோமோ, அப்படித்தான் இதுவும்.

16/
இன்னொண்ணு. பவளம் மாதிரியே ஐப்டேசியாவும் உடம்புக்குள்ள பாசியைக் குடிவெச்சுப் பொழைக்குது. சூடு தாங்காம அந்தப் பாசி வெளியேறினா பவளம் வெளுத்துரும். மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் அதுதான் நடந்துச்சு. அது ஏன்னு புரிஞ்சுக்க விஞ்ஞானிகள் லேப்ல வளக்கிறது இதே ஐப்டேசியாவைத்தான். இதோட மரபணுத் தொகுப்பே 2015ல வந்துருச்சு. அந்த ரெண்டையும் பாக்கும்போது இப்ப எனக்குக் கோவம் வரல.

17/
கடல் தொட்டி வெச்சிருக்கவங்க மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. சுரண்டாதீங்க. ஸோவா கல்லைக் கொதிக்க வெக்காதீங்க, வெந்நீர்ல கழுவாதீங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. கையுறை, கண்ணாடி இல்லாம கை விடாதீங்க. அதையும் மீறி மூச்சுத்திணறல், ஜுரம் வந்தா ஆஸ்பத்திரியில "வீட்ல கடல் தொட்டி இருக்கு, ஸோவா கல்லைக் கையாண்டேன்"னு மொதல்ல சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா என்னை மாதிரி டாக்டருக்கு அது தோணவே தோணாது.

அம்மா நல்லா இருக்காங்க. அந்தக் குண்டானைத்தான் வீட்ல யாரும் தொட மாட்டேங்கிறாங்க.