நூலில் ஆடிய கல்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தனி ஊசலை நடத்திய ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அவர் வினாவும் விடையுமாகச் சொல்லச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். ‘அலைவு நேரம் ஊசல் குண்டின் நிறையைச் சார்ந்ததன்று, நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும்.’ தேர்வில் இதனை எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றேன். ஊசல் ஒன்றையும் கண்டதில்லை. காண வேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை.

மறு ஆண்டு வேறோர் ஆசிரியர் வந்தார். முதல் நாளே எங்களைத் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று, விட்டத்தில் ஒரு நூலைக் கட்டி, அதன் முனையில் எலுமிச்சை அளவுள்ள கல்லைத் தொங்கவிட்டார். நூலின் மேல் முனையிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர்.

“கல்லைக் கனமாக்கினால் விரைந்து ஆடுமா, மெதுவாக ஆடுமா? முதலில் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம்” என்றார்.

“விரைந்து ஆடும்” என்று பலர் கை உயர்த்தினர். அவற்றுள் என் கையும் ஒன்று. ஓராண்டுக்கு முன் அதற்கு நேர்மாறாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அந்த நினைவே அப்போது எனக்கு வரவில்லை.

அவர் மறுக்கவில்லை. தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மாணவனிடம் கொடுத்தார். கல்லைச் சிறிதளவே இழுத்து விட்டோம். 20 அலைவுகளுக்கு 40 நொடிகள் ஆயின. மாதுளை அளவுள்ள கல்லைக் கட்டி, நீளத்தைத் திருத்தி, மீண்டும் எண்ணினோம். அதே 40.

“எண்ணியதில் பிழை இருக்கும், ஐயா” என்றேன்.

“அப்படியானால் நீயே எண்ணு.”

எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். கல் என் பேச்சைக் கேட்பதாக இல்லை.

அடுத்து, 20 அலைவுகள் 20 நொடிகளில் முடிய நூல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார். பாதி நேரத்திற்குப் பாதி நீளம்தானே? அரை மீட்டர் வைத்தோம்; 28 நொடிகள் ஆயின. நூலைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தோம். கால் மீட்டருக்கு வந்தபோதுதான் 20 நொடிகளில் முடிந்தது. “ஐயா, இதுதான் வர்க்கமூலமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஓராண்டாக வெறும் ஓசையாக இருந்த சொல் அது. அன்று மாலை வீட்டுத் திண்ணையிலும் ஒரு நூல் தொங்கியது.

எங்கள் ஆசிரியருக்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இளையோருக்காக ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. அதனை அணைத்து, திரியிலிருந்து எழுந்த ஆவிக்குத் தீ காட்டினார். திரியைத் தொடாமலே சுடர் மீண்டும் பற்றிக்கொண்டது. புத்தகம் கட்டும் தொழில் பழகிய இளைஞராக, 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு அறிவியலின்பால் ஈர்க்கப்பட்டவர் அவர். கேட்பவர் இருக்கையின் அருமை அவருக்குத் தெரியாதா?

இவ்வளவும் அறிந்த நான், தமிழாசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பிழை செய்தேன். இயற்பியல் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள் அவர் வகுப்புக்கு என்னை அனுப்பினர். பாடம் தனி ஊசல். நூலும் இல்லை, கல்லும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து வினா விடைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மாணவன் எழுந்து, “நிலவில் ஊசல் எப்படி ஆடும், ஐயா?” என்றான்.

“பாடத்தில் இல்லாததை ஏன் கேட்கிறாய்? எழுது” என்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுக் கணக்கிட்டேன். நிலவின் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இங்கே இரண்டு நொடிகளில் ஓர் அலைவை முடிக்கும் ஊசல் அங்கே ஏறத்தாழ ஐந்து நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த விடையுடன் ஒரு நூலையும் கல்லையும் எடுத்துக்கொண்டு அவன் வகுப்புக்குச் சென்றேன்.

“சரிங்க ஐயா” என்றான். ஏட்டைத் திறந்து, நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தான்.