காணாமல் போன குழந்தைக்கு எத்தனை வயது?

இறந்துபோன குழந்தைக்கு வயது ஏறுவதில்லை. மூன்று வயதில் போயிருந்தால் என்றைக்கும் மூன்று வயதுதான். சுவரில் மாட்டிய படத்தில் அதே சிரிப்பு, அதே கவுன். காணாமல் போன குழந்தை அப்படியல்ல. அது எங்கேயோ வளர்ந்துகொண்டிருக்கிறது... அல்லது வளரவே இல்லை. இரண்டில் எது என்று தெரியாமலேயே பெற்றவர்கள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வயதைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது பள்ளியில் சேர்த்திருப்பார்களா? முன்பல் விழுந்திருக்குமா? தலைமுடி நிறம் மாறியிருக்குமா?

இந்தக் கணக்கிலேயே சிக்கிக்கொண்ட ஒரு அப்பாவின் கதைதான் ஆங்கில எழுத்தாளர் இயன் மெக்யூவன் 1987-ல் எழுதிய 'தி சைல்ட் இன் டைம்' நாவல். மெக்யூவன் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது 'அட்டோன்மென்ட்'தான், 2007-ல் வந்த படத்தின் புண்ணியத்தில். ஆரம்ப காலத்தில் அவருக்கு வேறு மாதிரி பெயர் இருந்தது. இறந்துபோன அம்மாவைப் பிள்ளைகளே நிலவறையில் சிமெண்ட் போட்டு மூடி வைக்கும் கதையை (1978-ல் வந்த 'தி சிமெண்ட் கார்டன்') எழுதியவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு குழந்தைக்காக ஏங்கும் தகப்பனைப் பற்றி எழுதியது அன்று பலருக்கு ஆச்சரியம். அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான விட்பிரெட் பரிசும் இதற்குத்தான் கிடைத்தது.

(முடிவு தெரிந்துவிட்டால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவது முழுக் கதை.)

ஸ்டீபன் லூயிஸ் குழந்தைகளுக்கான புத்தகங்கள் எழுதிப் பெயர் வாங்கியவன். லண்டனில் மனைவி ஜூலி, மூன்று வயது மகள் கேட் ஆகியோருடன் வசிக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை. ஜூலி இன்னும் படுக்கையில். சரி, அவள் தூங்கட்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறான். பில் போடும் இடத்தில் ட்ராலியிலிருந்து சாமான்களை எடுத்து வைக்கக் குனிகிறான். நிமிர்ந்து பார்த்தால் குழந்தை இல்லை. அவ்வளவுதான். கடத்தியவன் யார், எதற்காகக் கடத்தினான், கார் எந்தப் பக்கம் போனது என்று எதுவும் கிடையாது. பின்னால் யாரோ கருப்பு கோட் போட்டு நின்ற மாதிரி ஒரு மங்கலான ஞாபகம் மட்டும் அவனிடம் மிச்சம். துப்பறியும் கதைக்குத் தேவையான எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே இருந்தும் மெக்யூவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நாவல் முடியும்வரை குழந்தை கிடைக்கவும் இல்லை, யார் எடுத்தார்கள் என்று தெரியவும் இல்லை.

அந்த சில நொடிகளை எழுதியிருக்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் எழுந்தது, குழந்தைக்கு உடுப்பு மாட்டியது, தெருவில் நடந்தது, கடையில் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் மிகப் பொறுமையாக வருகின்றன. ஏன் இவ்வளவு விவரம் என்று முதலில் தோன்றும். பிறகுதான் புரிகிறது, அது ஸ்டீபன் பின்னாளில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்த படம். ஒவ்வொரு தடவையும் அவன் எங்கேயாவது ஒரு இடத்தில் திரும்பிப் பார்க்க முயல்கிறான். முடிவதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் நாவலின் உயிர். ஒரே இழப்பு, இரண்டு பேர், இரண்டு வழி. ஸ்டீபன் குழந்தையின் போட்டோவை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக, வீடு வீடாக அலைகிறான். ஜூலியோ வீட்டை விட்டு அசைவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். வெளியே போய்விட்டு வரும் ஸ்டீபனுக்கு அவளைப் பார்த்தால் எரிச்சல். தேடாமல் உட்கார்ந்திருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று. அவளுக்கு அவன் மேல் வேறு எரிச்சல். அலைச்சல் என்ற பெயரில் இவன் தப்பித்து ஓடுகிறான் என்று. ஒரு நாள் அவன் திரும்பி வரும்போது அவள் குழந்தையின் சாமான்களையெல்லாம் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தேடுகிறவன் கண்ணுக்கு அது துரோகம்.

இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் கூடத் தேவலை என்று படிப்பவருக்குத் தோன்றும். அதுவும் இல்லை. ஒருவர் இருக்கும் அறைக்கு மற்றவர் போவது குறைகிறது. பேச்சு குறைகிறது. கடைசியில் ஜூலி லண்டனை விட்டுப் போய், கிராமப்புறத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ஸ்டீபன் விஸ்கி பாட்டிலும் டிவியுமாக சோபாவில் கிடக்கிறான்.

தமிழில் 'புத்திரசோகம்' என்று ஒரு சொல் இருக்கிறது. தசரதனிலிருந்து எத்தனையோ பேருக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். பிள்ளை இறந்துவிட்டது என்றோ, பிரிந்து இன்ன இடத்துக்குப் போய்விட்டது என்றோ தெரிந்தவர்களுக்கான சொல் அது. தெரியாதவர்களுக்கு? அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். கணவன் வீட்டில் இல்லை, இறந்ததாக அறிவிப்பும் இல்லை. அந்த மனைவிகள் கணவனை இழந்தவர்களா, இல்லையா? இந்த நிலைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'தெளிவில்லாத இழப்பு' என்று சொல்லலாம். அதே தலைப்பில் அவர் எழுதிய புத்தகம் 1999-ல் வந்தது. அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அழுதால் நம்பிக்கையைக் கைவிட்ட குற்றம், அழாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மெக்யூவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கதையாக எழுதிவிட்டார்.

இப்போது அந்த வயதுக் கணக்குக்கு வருவோம். ஸ்டீபனின் மனதில் மகள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். தெருவில் அவன் தேடுவது தொலைந்துபோன மூன்று வயதுக் குழந்தையை அல்ல, ஐந்து வயதுக் குழந்தையை. அந்த ஐந்து வயது முகத்தை அவன் பார்த்ததே கிடையாது! பார்க்காத ஒரு முகத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? எந்தச் சிறுமியாக இருந்தாலும் அவளாக இருக்கலாம் அல்லவா? இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. 1984-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தில் இதற்கென்றே ஓவியர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் பழைய படத்தையும், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் அதே வயதில் எடுத்த படங்களையும் வைத்துக்கொண்டு இன்றைக்கு அந்த முகம் எப்படி இருக்கும் என்று வரைகிறார்கள். பதினெட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய படம், அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. தேடுவதற்கு அது தேவைதான். ஆனால் அந்தப் படத்தைத் தபாலில் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். தான் பெற்ற பிள்ளை, தான் பார்த்தே இராத முகம்.

ஸ்டீபனுக்கு ஓவியர் யாரும் இல்லை. தானே வரைந்துகொள்கிறான். மகளின் பிறந்தநாள் வருகிறது. பொம்மைக் கடைக்குப் போய் அவளுக்காக அள்ளிக்கொண்டு வருகிறான். வாங்கினால் வந்துவிடுவாள் என்கிற மாதிரி ஒரு வேண்டுதல் மனநிலை அது. அவன் வாங்குவதில் ஒன்று வாக்கி டாக்கி செட். பேசுவதற்கு இந்தப் பக்கம் ஒருவர், கேட்பதற்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால்தானே அதை வைத்து விளையாட முடியும்? மெக்யூவன் இதை விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் காட்சி. ஒரு சிறுமியைப் பார்க்கிறான். அவள்தான் என்று உறுதியாகிவிடுகிறது. பின்னாலேயே பள்ளிக்குள் நுழைந்து வகுப்பறை வரைக்கும் போய்விடுகிறான். வேறொரு எழுத்தாளராக இருந்தால் போலீசைக் கூப்பிட்டு ரகளை பண்ணியிருப்பார். இங்கே தலைமையாசிரியர் அவனை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்கிறார். அந்தப் பெண்ணையும் அழைத்துப் பேச வைக்கிறார். அவளுக்கு வேறு பெயர், வேறு வீடு, குழந்தையாக இருந்த நாளிலிருந்தே அவளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பேசப் பேச அவள் முகம் ஸ்டீபனின் கண் முன்னாலேயே மாறுகிறது, கடைசியில் துளி ஜாடை கூட இல்லை. நாவலில் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கும் பக்கங்கள் இவை. இதற்குப் பிறகு அவன் சோபாவை விட்டு எழுந்து என்ன செய்கிறான் தெரியுமா? அரபி மொழி படிக்கப் போகிறான், டென்னிஸ் கற்றுக்கொள்கிறான். ஏன் அரபி? காரணமே இல்லை. காரணம் இல்லாததுதான் பொருத்தமாக இருக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு. ஜூலியைப் பார்க்கப் போகும் வழியில் ஸ்டீபன் ஒரு பழைய மதுக்கடையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். வெளியே இரண்டு சைக்கிள்கள். உள்ளே ஒரு இளம் ஜோடி ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அது அவனுடைய அப்பாவும் அம்மாவும், அவன் பிறப்பதற்கு முன்னால்! பிறகு அம்மாவிடம் கேட்கும்போது தெரிகிறது: கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான அவள் கருவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்த நாள் அது. ஜன்னலில் ஒரு குழந்தையின் முகம் தன்னைப் பார்த்ததாகவும், அதைக் கண்டபின் பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்ததாகவும் சொல்கிறாள். பேய்க்கதை மாதிரி தெரியலாம். மகளின் காலத்தைத் தொலைத்தவனுக்குத் தன் சொந்தக் காலம் திறந்து காட்டப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால் உறுத்தாது.

உறுத்துகிற பகுதிகளும் இருக்கின்றன. குழந்தை வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தயாரிக்க அரசாங்கம் போட்ட கமிட்டியில் ஸ்டீபன் ஒரு உறுப்பினர். அந்தக் கூட்டங்கள், லைசென்ஸ் வாங்கிப் பிச்சையெடுப்பவர்கள், ஆணா பெண்ணா என்று கடைசிவரை சொல்லப்படாத பிரதமர்... மார்கரெட் தாட்சர் கால இங்கிலாந்தின் மேல் உள்ள கோபம் அது. இன்று படிக்கும்போது கொஞ்சம் இழுவைதான். அரசியலை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய், அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு மரத்தில் வீடு கட்டி விளையாடும் நண்பன் சார்லஸ் டார்க்கின் கதை ஒரு வகையில் இதன் மறுபக்கம். இங்கே சிறுமி கற்பனையில் வளர்கிறாள், அங்கே பெரியவன் பலவந்தமாகச் சிறுவனாகிறான். அவன் முடிவும் நல்லதாக இல்லை.

ஆனால் பெரிய குறை ஜூலி விஷயத்தில்தான். முழு நாவலும் ஸ்டீபனின் தோளுக்குப் பின்னால் நின்றே சொல்லப்படுகிறது. அந்தச் சின்ன வீட்டில் ஜூலி தனியாக இருந்த மாதங்கள் நமக்குக் கிடைக்கவே இல்லை. இத்தனைக்கும் அவள்தான் இருவரில் முன்னால் போனவள். பைகளைக் கட்டிய அன்று அவள் மகளைக் கைவிடவில்லை, மகளை மூன்று வயதிலேயே இருக்கவிட முயன்றாள். அவனுக்கு அதைப் புரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்த மூன்று ஆண்டுகளில் அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதை மெக்யூவன் எழுதியிருந்தால்! 2017-ல் பிபிசி இதைப் படமாக எடுத்தபோது ஜூலியாக கெல்லி மெக்டொனால்ட் நடித்தார். ஸ்டீபனாக பெனடிக்ட் கம்பர்பேட்ச்.

கடைசி அத்தியாயத்தில் ஜூலி அவனை அழைக்கிறாள். ரயில் இஞ்சினில் டிரைவரோடு தொற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறான். போனால் அவள் நிறைமாத கர்ப்பிணி, வலி எடுத்துவிட்டது. முன்பு ஒரு முறை சந்தித்தபோது இருவரும் சேர்ந்திருந்ததன் பலன். அவள் இத்தனை மாதங்களாக அவனிடம் சொல்லவில்லை. போன குழந்தைக்குப் பதில் புதுக் குழந்தை என்று கணக்கைச் சரிக்கட்டுகிற மலிவான முடிவாக இது ஆகியிருக்கக் கூடும். ஆகவில்லை. ஏனென்றால் பிரசவத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து அழுகிறார்கள். மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாகச் சேர்ந்து, கேட்டுக்காக. இனி தங்களுக்கு வயது ஏறப் போகாத, வேறு யாராலும் ஈடுசெய்ய முடியாத அந்த ஒரு குழந்தைக்காக. ஸ்டீபன் அதுவரை கூட்டிக்கொண்டே வந்த வயதுக் கணக்கு அந்த அறையில்தான் நிற்கிறது.

மருத்துவச்சி இன்னும் வந்து சேரவில்லை. ஸ்டீபனே கைகளை நீட்டிக் குழந்தையை வாங்குகிறான். சிறிது நேரம் கழித்துத்தான் ஆணா பெண்ணா என்று பார்க்கத் தோன்றுகிறது. ஜூலி போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். நமக்கு அதைச் சொல்லாமலே நாவல் முடிந்துவிடுகிறது.