தொட்டியின் மூடி

குரு ஒருவர் மலத்தொட்டியைப் பற்றி எழுதுவதா என்று வாசக அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். இல்லறத்தார் பலருடைய புறக்கடையில் இருப்பதுதான் பங்கு இல்லத்தின் பின்னாலும் இருக்கிறது. அதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஐம்பது வயதைக் கடந்த பின்னர், அதுவும் வெட்கத்தோடு.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்கள் நான்கிலும் கொட்டிய பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணிக் கரையில் உள்ளோர் பட்ட துன்பத்தின் முன்னே சிவகிரியில் எங்கள் பங்கு இல்லத்தில் நேர்ந்தது ஒன்றுமேயில்லை. ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. விருந்தினர் நால்வர் வந்து தங்கியிருந்தனர். திங்கட்கிழமை காலையில் கழிப்பறையில் ஊற்றிய நீர் கீழே இறங்க மறுத்தது. நண்பகலில் அது மேலே வரத் தொடங்கியது.

உபதேசியார் நனைந்துகொண்டே சென்று கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தார். தொட்டியின் மூடி எங்கே என்று தேடினோம். கொத்தனார் சிறிது நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பின்பு, “இங்கதான் சாமி இருந்துச்சு. போன வருசம் கெபிக்கு முன்னால தளம் போடச் சொன்னீங்கள்லா, அதுக்கு அடியில போயிட்டு” என்றார்.

ஆம், சொன்னது நானேதான். மக்கள் மண்ணில் முழந்தாளிட வேண்டியிருக்கிறதே என்று இரக்கப்பட்டுச் சிமெண்டுத் தளம் போடச் செய்தேன். அதன் கீழே என்ன இருக்கிறதென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கசடு உறிஞ்சும் லாரிக்குச் சொல்லி அனுப்பினோம். அந்த வாரத்தில் அது எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அப்போது கொத்தனார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆள் இருக்கு சாமி, ரெண்டு பேரு. ராத்திரி வந்து உள்ள இறங்கி வாளியில அள்ளிருவாங்க. காலைப் பூசைக்கு முன்னால முடிஞ்சிரும்.”

சரி என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். திறந்த வாயை மூட வைத்தது பழைய நினைவொன்று.

குருப்பட்டம் பெற்ற புதிதில், 1998ஆம் ஆண்டில், வேறோர் ஊரில் மாணவர் விடுதியொன்றின் பொறுப்பு என்னிடம் இருந்தது. அங்கும் தொட்டி நிரம்பியது. ஒருவரை அழைத்து வந்தார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி அவரை இறக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வாளி மேலே வந்தபின் கயிறு தளர்ந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மூவர் சேர்ந்து இழுத்து வெளியே கிடத்தினர். வேப்பமர நிழலில் வெகுநேரம் கழித்தே அவர் கண் விழித்தார். நான் நூறு ரூபாயும் சோப்புக்கட்டி ஒன்றும் கொடுத்தேன். தாராளமாகக் கொடுத்ததாகவே எண்ணிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பூசையில் அவர் கடைசி வரிசையில் நின்றார். என் பங்கைச் சேர்ந்தவர்! அதற்கு முன்னும் பின்னும் அவருடைய பெயரை நான் கேட்டதில்லை.

ஆகவே கொத்தனாரிடம் வேண்டாமென்றேன். தளத்தை உடைத்து மூடியைக் கண்டுபிடித்தோம். விருந்தினரை அண்டை வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, கழிப்பறையைப் பூட்டிக்கொண்டு ஐந்து நாள் காத்திருந்தோம். 23ஆம் தேதி மாலையில் லாரி வந்தது. அரைமணி நேர வேலை.

அதன் பிறகே இத்தொட்டியின் இயல்பைச் சற்றுப் படிக்கலானேன். பிரான்சு நாட்டவரான மூராஸ் என்பவர் 1881ஆம் ஆண்டில் இத்தகைய தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் தமது அறிவியல் இதழில் எழுதி உலகறியச் செய்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? மொய்ஞோ என்னும் கத்தோலிக்கக் குரு! தானாகவே துப்புரவு செய்துகொள்ளும் கருவி என்று அவர் அதனைப் புகழ்ந்தார். இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரில் கேமரன் என்பவர் 1895ஆம் ஆண்டில் தாம் அமைத்த தொட்டிக்கு வைத்த பெயரே ‘செப்டிக் டாங்க்’. அழுகச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. கனமானது கசடாக அடியில் படியும். எண்ணெய்ப் பசை ஆடையாக மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குச் செல்லும். ஆனால் படிந்த கசடு முழுவதும் ஒருபோதும் கரைந்துவிடுவதில்லை. அது ஏற ஏற, நீர் தங்கித் தெளிய இடமின்றிக் கசடும் சேர்ந்தே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். இந்த இடத்தில் மாத்திரம் என் சகோதர குரு சற்று மிகையாகப் புகழ்ந்துவிட்டார் போலும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்தே ஆகவேண்டும்.

நம்மவர் சிலர், “வீடு கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது, ஒருமுறைகூடத் திறந்ததில்லை” என்று பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் அதை நல்ல கட்டுமானத்தின் அடையாளம் என்றே நம்பியிருந்தேன். உண்மை வேறு. அவற்றுள் பல தொட்டிகளே அல்ல. அடித்தளம் பூசாமல் உறைகளை இறக்கிய குழிகள் அவை. நிரம்பாததற்குக் காரணம் உள்ளிருப்பது மண்ணுக்குள் போய்க்கொண்டிருப்பதே. போகும் இடம் நம்முடைய கிணறாகவோ அடுத்த வீட்டாரின் கிணறாகவோ இருக்கலாம். வேறு சில வீடுகளில் ஒரு குழாய் சத்தமின்றித் தெருச் சாக்கடையில் சேர்கிறது. குடிநீர் ஊற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. பங்கு இல்லத்தில் நாடாவைப் பிடித்து அளந்தேன், ஒன்பதே மீட்டர். அன்றிலிருந்து அந்தக் கிணற்று நீர் செடிகளுக்கு மட்டுமே.

மூடிய தொட்டியினுள் என்ன இருக்கிறதென்பதையும் இல்லத்தலைவர்கள் அறிய வேண்டும். உயிர்க்காற்று மிகக் குறைவு. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு அங்கே தங்கும். அது மிகும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகிறது. ஆகவே நாற்றமில்லை என்பது பாதுகாப்பன்று. தீப்பற்றக்கூடிய மீத்தேனும் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திருப்பெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உட்பட ஆறு பேர் ஒரு தொட்டியில் மாண்டனர். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவது, அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குவது; இத்தகைய சாவுகள் இப்படித்தான் பெருகுகின்றன. அன்பு மிகுந்தவரே முதலில் இறங்குகிறார்.

1993ஆம் ஆண்டின் சட்டம் உலர் கழிப்பிடங்களைப் பற்றியே பேசியது. 2013ஆம் ஆண்டின் சட்டமோ, தக்க பாதுகாப்பின்றி ஒருவரை மலத்தொட்டியில் இறக்குவதையே குற்றமாக்கியது. முதன்முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்திற்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்திற்று. ஆனால் இரவில் வாளியோடு வரும் மனிதரை அழைப்பவர் சட்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. விருந்தினர் வீட்டில் இருக்கிறார்கள், நீர் மேலே வருகிறது, மூடி எங்கேயோ புதைந்திருக்கிறது. அந்த அவசரம்தான் மனிதரை உள்ளே இறக்குகிறது. அந்த அவசரத்தையோ நாமே பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தோம்!

இப்போது எங்கள் ஏற்பாடு எளியது. உடைத்த இடத்தில் இரும்பு வளையங்கள் இரண்டு பதித்த புதிய மூடியைக் கொத்தனார் அமைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் புரட்ட முடியாத எடை. மழைநீர் தொட்டிக்குள் சேராதபடி கூரைக் குழாயை வேறு பக்கம் திருப்பினோம். காற்றுக்குழாயின் வாய்க்குக் கொசு புகாத வலை கட்டினோம். ஆண்டுக்கொருமுறை மூடியைச் சற்று நகர்த்தி, நேரம் விட்டு, எட்டிக் குனியாமல், வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கம்பை அடிவரை செலுத்தி எடுக்கிறோம். கருமை படிந்த உயரமே கசடின் உயரம். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. பினாயிலையும் அமிலத்தையும் கழிப்பறையில் வாரி ஊற்றிவந்த சமையற்காரரிடம், அவை தொட்டியில் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்று சொன்னேன். “அப்ப நாத்தத்துக்கு என்ன செய்ய?” என்றார். தேய்த்துக் கழுவச் சொன்னேன். அவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை.

லாரியை ஐப்பசி மழைக்குப் பிறகு தேடுவதில் பயனில்லை. பங்குனி, சித்திரையில் வரவழைப்பது நல்லது. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், பாதை காய்ந்திருக்கும், அவர்களுக்கும் வேலை நெருக்கடி இராது. செலவுக்கென்று மாதம் நூறு ரூபாய் தனியே எடுத்து வைக்கிறோம். வருகிற லாரிக்குப் பேரூராட்சியின் உரிமம் உண்டா, அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் குழாயை இறக்க விடுவதில்லை. நம் வீட்டுக் கசடு வேறோர் ஊர்க் குளத்தில் கலப்பதற்கு நாம் பணம் கொடுக்கலாமா?

சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். மூடியின் இடத்தைக் காட்டும் படம், கெபியின் இடப்பக்கத் தூணிலிருந்து எத்தனை அடி என்ற அளவு, தொட்டி பற்றி உதவி கேட்பதற்கான 14420 என்ற எண், 23-12-2023 என்ற தேதி, அதன் கீழே அடுத்தடுத்த தேதிகளுக்கான வெற்றிடம். எனக்கு மாற்றல் வரும்போது சாவிக்கொத்தைக் கொடுக்குமுன் புதிய பங்குத்தந்தையை அந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.